மாணவர் எழுதும் நாளிதழ்: மிசௌரி முறையும் அதன் செலவும்

இதழியல் கற்பிக்கும் கல்லூரிகள் பெரும்பாலானவற்றில் பயிற்சி இதழ் என்ற ஒன்று வெளிவருகிறது. மாணவர்களே செய்தி சேகரித்து, எழுதி, பக்கம் கட்டி அச்சிடும் அந்த இதழ் வளாகத்தைத் தாண்டிச் செல்வது அரிது என்பதால், அதில் ஒருவருடைய பெயரோ தொகையோ தவறாக வந்துவிட்டாலும் வக்கீல் நோட்டீஸ் வருவதில்லை, மறுநாள் திருத்தம் போடவும் வேண்டியதில்லை. பணம் கொடுத்து வாங்கும் வாசகருக்காக நடத்தப்படும் நாளிதழிலோ தொலைக்காட்சியிலோ அதே மாணவரின் செய்தி வெளியாகும்போது, பிழைக்குப் பொறுப்பேற்பவர் யார், உழைப்புக்கு ஊதியம் தருபவர் யார், சட்டத்தின் பார்வையில் அவர் மாணவரா செய்தியாளரா என்ற மூன்று கேள்விகளும் உடன் எழுகின்றன. அமெரிக்கா இவற்றுக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக விடை தேடி வருகிறது. முதல் கேள்வியில் அது கண்ட தெளிவை மற்ற இரண்டிலும் கண்டதாகச் சொல்ல முடியாது.

மிசௌரி பல்கலைக்கழகத்தின் இதழியல் பள்ளி 1908 செப்டம்பர் 14 அன்று தொடங்கியது. வகுப்புகள் ஆரம்பித்த அதே நாளில் மாணவர்களின் நாளிதழும் வெளிவந்தது. பள்ளியை நிறுவிய வால்டர் வில்லியம்ஸ் கல்லூரியில் படித்தவரல்லர், அச்சகத்திலும் ஆசிரியர் குழுவிலும் தொழில் கற்றவர் (பின்னாளில், 1931இல், அதே பல்கலைக்கழகத்தின் தலைவராகவும் ஆனார்) என்பதை அறிந்தால், செய்து கற்பதே கல்வி என அவர் பிடிவாதமாக நின்றது வியப்பளிக்காது. ‘மிசௌரி முறை’ எனப் பெயர்பெற்ற இந்த ஏற்பாட்டில் செய்தியாளர்கள் மதிப்பெண்ணுக்காகப் பணிபுரியும் மாணவர்கள்; அவர்களுக்கு மேலே இருக்கும் ஆசிரியர்களோ ஊதியம் பெறும் தொழில்முறை இதழாளர்களும் பேராசிரியர்களும் ஆவர். இன்று ‘கொலம்பியா மிசௌரியன்’ என வழங்கும் அந்த நாளிதழ், வளாகச் செய்தியோடு நிற்காமல், நகர மன்றத்தையும் நீதிமன்றத்தையும் பள்ளி வாரியத்தையும் பின்தொடர்ந்து, ஊரில் உள்ள தனியார் நாளிதழோடு நேரடியாகப் போட்டியிடுகிறது. 1953 முதல் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமாக இயங்கும் கேஓஎம்யூ தொலைக்காட்சியும் என்பிசி வலையமைப்பைச் சேர்ந்த வணிக நிலையமே. அரசுப் பணத்தில் நடக்கும் பல்கலைக்கழகம் விளம்பரம் வாங்கித் தனியாரோடு போட்டியிடுவதா என்று மற்றப் பத்திரிகைகள் தொடக்கத்திலேயே எதிர்த்ததால், நாளிதழை நடத்தும் பொறுப்பு தனியாக அமைக்கப்பட்ட ஒரு சங்கத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

தமிழ் வாசகர்கள் அறிந்த விகடன் மாணவப் பத்திரிகையாளர் திட்டம் இதற்கு நேர் எதிர்த் திசையில் அமைந்தது. அதில் பத்திரிகை நிறுவனமே எந்தத் துறை மாணவரையும் தேர்ந்தெடுத்துப் படிப்பினிடையே எழுதவைக்கிறது. மிசௌரியில் பல்கலைக்கழகமே பத்திரிகை நிறுவனமாகிறது. இரண்டிலும் மாணவர் எழுதியதை அப்படியே அச்சுக்கு அனுப்பாத, திருப்பிக் கொடுத்து மீண்டும் விசாரிக்கச் சொல்லும் அதிகாரமுள்ள ஓர் ஆசிரியர் நடுவில் இருக்கிறார். இந்த ஏற்பாடுகளின் உயிர்நாடி அந்த ஒருவர்தான். அவர் இல்லாத இடத்தில் மாணவரின் பெயர் செய்தியின் தலைப்பில் அச்சாவது கல்வியாகாது.

சொந்தமாக நாளிதழ் நடத்த இயலாத கல்லூரிகள் வேறொரு வழியைக் கண்டன. கார்னகி, நைட் அறக்கட்டளைகளின் நிதியில் உருவாகி, அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு இயங்கிய ‘நியூஸ்21’ திட்டம், பல கல்லூரி மாணவர்களை ஒரே புலனாய்வில் ஈடுபடுத்தி, முடிவைத் தேசிய ஊடகங்களுக்கு அளித்தது. 2012இல் அதன் மாணவர்கள் ஐம்பது மாநிலங்களின் அதிகாரிகளிடமும் பொது ஆவணங்களைக் கேட்டு விண்ணப்பித்து, 2000ஆம் ஆண்டு முதல் பதிவான 2,068 தேர்தல் மோசடிப் புகார்களைத் தொகுத்தபோது, ஒருவர் மற்றொருவர் பெயரில் நேரில் சென்று வாக்களித்ததாகக் கூறப்பட்டவை பத்து மட்டுமே எனத் தெரியவந்தது. வாக்காளர் அடையாள அட்டைச் சட்டங்கள் பற்றிய சச்சரவு உச்சத்தில் இருந்த தேர்தல் ஆண்டில் வாஷிங்டன் போஸ்ட் உள்ளிட்ட ஊடகங்கள் இதனை வெளியிட்டன. அன்றாடச் செய்தியின் நெருக்கடியில் இருக்கும் நிருபர், பதில் வராத விண்ணப்பங்களுக்காக மாதக்கணக்கில் காத்திருக்க முடியாது. கோடை விடுமுறையைக் கையில் வைத்திருக்கும் மாணவர் குழுவால் முடியும். தொழில்முறை ஊடகம் மாணவரிடமிருந்து பெறும் உண்மையான பயன் இந்த அவகாசமே.

சட்டக் கேள்வி இல்லினாயில் கூர்மையாக எழுந்தது. தண்டனை பெற்ற கைதிகளின் வழக்குகளை மறுவிசாரணை செய்துவந்த நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக மெடில் இதழியல் பள்ளியின் மாணவர்கள், 1978இல் நடந்த ஒரு கொலை வழக்கை ஆராய்ந்தபோது, அரசு வழக்கறிஞர்கள் 2009இல் அவர்களுடைய மின்னஞ்சல்களோடு தேர்வு மதிப்பெண்களையும் கேட்டனர். செய்தியாளர் தம் ஆதாரங்களையும் குறிப்புகளையும் வெளியிடத் தேவையில்லை எனக் காப்பளிக்கும் மாநிலச் சட்டம் மாணவர்களுக்கும் பொருந்தும் என்று பல்கலைக்கழகம் வாதாடியது. கைதியின் வழக்கறிஞர்களோடு சேர்ந்து இயங்கிய நிலையில் அவர்கள் செயல்பட்டது புலனாய்வாளர்களாகவே என்று 2011இல் நீதிபதி தீர்ப்பளித்தார். மதிப்பெண் பட்டியலைக் கேட்டது மிரட்டலாகவே தோன்றினாலும், தீர்ப்பின் அடிப்படை எளிதில் ஒதுக்கத்தக்கதன்று: செய்தியை வெளியிடுவதற்கு முன் அதை யாருக்காகத் திரட்டுகிறோம் என்பதைப் பாடத்திட்டம் தெளிவாக்க வேண்டியிருந்தது.

ஊதியக் கேள்வி இன்னும் எளிதாகத் தீரவில்லை. அமெரிக்க நாளிதழ்களின் ஆசிரியர் குழுக்களில் 2008இல் ஏறத்தாழ 71,000 பேர் பணியாற்றினர். 2020இல் அது 31,000ஆகச் சுருங்கியது என்று பியூ ஆய்வு மையம் கணக்கிட்டுள்ளது. காலியான இருக்கைகளில் மாணவர்கள் அமர்ந்தனர்; மாநிலச் சட்டமன்றங்களில் செய்தி சேகரிப்போரில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் மாணவர் என்று அதே மையம் 2022இல் கண்டது. சிற்றூர்ப் பத்திரிகைக்கு இது கிடைத்தற்கரிய உதவி. ஆயினும், கல்விக் கட்டணம் செலுத்துபவரே செய்தியையும் இலவசமாக எழுதிக் கொடுப்பதால் பத்திரிகை மிச்சப்படுத்துவது யாருடைய பணம் என்பதைப் பலரும் பேசுவதில்லை. பருவத்தேர்வு முடிந்ததும் ஊரையும் ஆட்களையும் அறிந்த நிருபர் கிளம்பிவிடுவதும், அடுத்தவர் முதலிலிருந்து தொடங்குவதும் வாசகர் சுமக்கும் இழப்பு.

பட்டம் பெற்றவர்களைப் பொறுத்தவரை, 2017இல் தொடங்கிய ‘ரிப்போர்ட் ஃபார் அமெரிக்கா’ இந்தச் சிக்கலைப் பணத்தின் பக்கமிருந்து அணுகுகிறது. உள்ளூர் ஊடகங்களில் இளம் செய்தியாளர்களை அமர்த்தும் அந்த அமைப்பு, முதலாண்டு ஊதியத்தில் பாதி வரை தானே ஏற்றுக்கொண்டு, மீதியை நிறுவனமும் ஊர் நன்கொடையாளர்களும் பகிரச் செய்கிறது. அடுத்தடுத்த ஆண்டுகளில் தன் பங்கை அது குறைத்துக்கொள்வதால், அந்தச் செய்தியாளரைத் தொடர்ந்து வைத்துக்கொள்ள விரும்பும் நிறுவனம் அவருக்கான ஊதியத்தைத் தன் ஊரிலேயே திரட்டியாக வேண்டியிருக்கிறது.