மின்னட்டைக்கு எந்த எழுத்துரு?

சென்ற ஆண்டு மூன்றாம் வகுப்பிற்கு ஆங்கிலச் சொல் மின்னட்டைகளைக் கணினியில் தயாரித்தேன். கடைசி வரிசைக்கும் பளிச்சென்று தெரியட்டும் என்று ஃபியூச்சரா எழுத்துருவின் தடித்த வடிவத்தைத் தேர்ந்தெடுத்தேன். ஒரு மாணவி 'பேட்' என்பதை 'டேட்' என்று வாசித்தாள்; அடுத்தடுத்த அட்டைகளிலும் திணறினாள். மெல்ல மலரும் மாணவர் பட்டியலில் அவள் பெயரைச் சேர்த்துவிட்டேன். அதே சொற்களை மறுநாள் கரும்பலகையில் எழுதியபோது தடையின்றி வாசித்தாள். அட்டையை எடுத்து அப்போதுதான் உற்றுப் பார்த்தேன்.

ஃபியூச்சராவை ஜெர்மனியைச் சேர்ந்த பால் ரென்னர் வடிவமைத்தார். ஃபிராங்க்ஃபர்ட்டின் பாவர் அச்செழுத்து வார்ப்பகம் 1927இல் வெளியிட்டது. கோடுகளின் முனையில் வரும் சிறு பாதங்களை செரிஃப் என்பர். இதில் அவை இல்லை. வட்டம், முக்கோணம், சதுரம் ஆகியவையே இதன் அடிப்படை.

ஆனால் காம்பஸ் வைத்து வரைந்த எழுத்தல்ல இது. ஒரே தடிமனில் ஒரு கிடைக்கோடும் ஒரு செங்குத்துக்கோடும் வரைந்து பாருங்கள்; கிடைக்கோடே தடித்ததாகத் தோன்றும். (கணித ஆசிரியர்கள் இதை வகுப்பிலேயே செய்து காட்டலாம்.) கண்ணின் இந்த ஏமாற்றத்தைச் சரிக்கட்டக் கிடைக்கோடுகளைச் சற்று மெலிதாக்குவார்கள். வளைவு தண்டோடு சேரும் இடமும் மெலியும். இல்லாவிட்டால் அங்கே கறுப்புத் திட்டு விழும். தடித்த வடிவத்தில் எழுத்தின் உள்வெளி குறுகிவிடுவதால் இந்தத் திருத்தங்கள் இன்னும் அதிகம் தேவைப்படும்.

ஆகவே தடித்த வடிவம் பெரிய அளவில், சில சொற்களுக்கே பொருந்தும்: சுவரொட்டி, தலைப்பு, பெயர்ப்பலகை. 1969இல் அப்பல்லோ 11 வீரர்கள் நிலவில் விட்டுவந்த உலோகப் பலகையின் வாசகம் ஃபியூச்சராவில்தான் உள்ளது. தடித்ததல்ல என்றாலும், அதுவும் முழுவதும் பெரிய எழுத்துகளில் அமைந்த சுருக்கமான வாசகமே.

சிக்கல் சிறிய எழுத்துகளில்தான். பி, டி, பீ, கியூ நான்கும் ஒரு வட்டமும் ஒரு குச்சியும். திருப்பினால் ஒன்று மற்றொன்றாகிவிடும். எழுதப் பழகும் குழந்தை இவற்றைக் குழப்பிக்கொள்வது இயல்பு. கையால் எழுதும்போது டியின் அடியில் ஒரு சிறு வால் விழும். கண் பிடித்துக்கொள்ள அது போதும். ஃபியூச்சராவில் அதுவும் இல்லை. பெரிய ஐயும் சிறிய எல்லும் ஏறத்தாழ ஒரே குச்சி. ஒன்றை மட்டும் பாராட்ட வேண்டும்: இதன் சிறிய ஏ, நாம் குழந்தைகளுக்குக் கற்பிக்கும் கையெழுத்து வடிவிலேயே உள்ளது.

இப்போது சொல் அட்டைகளுக்கு வாலுள்ள எழுத்துருவையே பயன்படுத்துகிறேன். ஃபியூச்சரா வகுப்பறைக் கதவில் 'வகுப்பு 3' என்ற பலகையில் எண்ணுக்கு மட்டும் நிற்கிறது. தமிழிலும் தடித்த எழுத்தில் சிறிதாக அச்சிட்டு ஜெராக்ஸ் எடுத்தால் ண, ன சுழிகள் அடைத்துக்கொள்கின்றன. அதனால் வினாத்தாளில் தலைப்பு மட்டுமே தடித்த எழுத்து.

பட்டியலில் இருந்து அந்த மாணவியின் பெயரை அந்த வாரமே நீக்கினேன். பி, டி இன்னும் சில நேரம் அவளுக்கு மாறத்தான் செய்கிறது.