மடியில் குழந்தை, கையில் புத்தகம்

குழந்தை பிறந்த முதல் வாரங்களில் வீட்டில் ஆட்கள் நிறைந்திருப்பர். ஊரிலிருந்து வந்த அம்மம்மா பத்தியக் கறி சமைப்பார், குழந்தையைக் குளிப்பாட்டுவார். அவருடைய விசாக் காலம் முடிந்து, கணவரும் வேலைக்குத் திரும்பிய பின்னர், பகல் முழுவதும் வீட்டில் இருப்போர் தாயும் சேயும் மட்டுமே. பாலூட்டல், நாப்பி மாற்றல், உறங்கவைத்தல் என்று நாள் கழிகிறது. பேச்சுத்துணை குறைந்த இக்காலத்தில் சத்தமிட்டு வாசிப்பது இருவருக்கும் பயனளிக்கும்.

குழந்தை கருவில் இருக்கும் இறுதி மாதங்களிலேயே தாயின் குரலைக் கேட்கத் தொடங்குகிறது. பிறந்த குழந்தைக்கு ஏறத்தாழ 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில் உள்ளவையே ஓரளவு தெளிவாகத் தெரியும். பாலருந்தும்போது தாயின் முகம் அந்தத் தூரத்திலேயே இருக்கிறது. முதல் மாதங்களில் எதை வாசிப்பது என்பதைவிடக் குரலே முக்கியமானது. தாய் தமக்குப் பிடித்த நாவலையோ வார இதழையோ வாசிக்கலாம். சில மாதங்களின் பின் தடித்த அட்டைப் படப்புத்தகங்கள் ஏற்றவை. குழந்தை புத்தகத்தைக் கடிப்பதும் தட்டுவதும் இயல்பே.

இதற்கெனத் தனி நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. குளித்தபின் ஐந்து நிமிடம் ஒரு படப்புத்தகம், உறங்குமுன் ஒரு தாலாட்டு எனத் தினமும் ஒரே ஒழுங்கில் நிகழ்ந்தால், அடுத்து வருவது உறக்கம் என்பதைக் குழந்தை மெல்ல அறிந்துகொள்ளும்.

வீட்டில் தமிழ் பேசினால் பிள்ளையின் ஆங்கிலம் பின்தங்கும் எனப் பெற்றோர் பலர் அஞ்சுகின்றனர். இரு மொழிகளைக் கேட்டு வளர்வது பேச்சுத் தாமதத்தை உண்டாக்குவதில்லை. தாய்க்கு மிகச் சரளமாக வரும் மொழியே குழந்தைக்குச் சொல்வளம் மிக்க மொழியாகும். ஆங்கிலம் பாலர் பள்ளியிலும் பாடசாலையிலும் வந்து சேரும். தமிழைத் தரக்கூடிய முதல் இடம் வீடே.

விக்டோரியா மாநிலத்தில் தாய் சேய் நலச் சேவை இலவசமானது. குழந்தை பிறந்ததை மருத்துவமனை மாநகர சபைக்கு அறிவித்ததும், தாதி குடும்பத்துடன் தொடர்புகொண்டு முதற் சந்திப்பை வீட்டிலேயே நடத்துவார். குழந்தைக்கு மூன்றரை வயதாகும்வரை மொத்தம் 10 சந்திப்புகள் உண்டு. முதன்முறை பெற்றோரானோருக்கான குழுவில் சேரவும் தாதியிடம் கேட்கலாம். பொது நூலகங்களில் உறுப்புரிமை இலவசம். குழந்தைகளுக்கான பாட்டு, கதை நேரங்களுக்குக் கைக்குழந்தையுடனேயே செல்லலாம்; குழந்தை அழுதால் எவரும் குறைசொல்லார். 'பாடசாலைக்கு முன் 1000 புத்தகங்கள்' திட்டத்தில், ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தாலும் அது கணக்கில் சேரும்.

பிரசவத்துக்குப் பிந்திய நாள்களில் காரணமின்றி அழுகை வருவது பலருக்கும் ஏற்படுவது. அது இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ, குழந்தை உறங்கும்போதும் தாய்க்கு உறக்கம் வராவிட்டாலோ, எதிலும் மனம் பற்றாவிட்டாலோ, தாதியிடம் அல்லது குடும்ப மருத்துவரிடம் தாமதமின்றிக் கூற வேண்டும். இது தாயின் குறையன்று, குணப்படுத்தக்கூடிய நோய்நிலை. அம்மம்மா ஊர் திரும்பிய பின்னர் சோர்வுற்றிருக்கும் தாயை முதலில் கவனிக்கக்கூடியவர் கணவரே, அவரும் அழைக்கலாம்.

24 மணிநேரத் தாய் சேய் நலத் தொலைபேசிச் சேவை: 13 22 29. தமிழில் பேச விரும்புவோர் 131 450 என்ற எண்ணில் மொழிபெயர்ப்புச் சேவையை அழைத்து, இந்த இலக்கத்துடன் இணைக்குமாறு கேட்கலாம். உயிராபத்து நேரிடும் வேளையில் 000.