அம்பிக்கு கரன்ட் கொடுங்க பாஸ்!

தாத்தா ஓட்டிய அம்பாசடர் ஷெட்டில் தூசி படிந்து நிற்கிறதா? 'நாலு பேர் காசு போட்டு ஒரு பழைய வண்டி எடுத்து ரெடி பண்ணலாம் மச்சி' என்று ஹாஸ்டலில் பிளான் ஓடுகிறதா? சூப்பர்! ஆனால் பெயின்ட், அலாய் வீல், சப்-வூஃபர் என்று லிஸ்ட் போடுவதற்கு முன்னால், பானெட்டைத் திறந்து ஒயரைப் பாருங்கள். பழைய காரை நடுரோட்டில் நிறுத்துவதும் ஒயர்தான். நேரம் சரியில்லை என்றால் பற்றி எரிய வைப்பதும் அதேதான்.

ரெண்டே ரெண்டு ஃப்யூஸ்!

மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்ற இங்கிலாந்து காரின் வாரிசுதான் அம்பாசடர். மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் 1950-களின் கடைசியில் ஆரம்பித்த உற்பத்தி, 2014-ல் நின்றது. அந்தக் கால டிசைனில் கரன்ட்டுக்குப் பெரிய வேலை இல்லை. செல்ஃப், ஹாரன், லைட், வைப்பர்... அவ்வளவுதான். சுமார் 20 ஆம்பியர் தரும் டைனமோவே போதும். இரண்டே ஃப்யூஸ். அதிலும் ஹெட்லைட் லைனுக்கு ஃப்யூஸே கிடையாது!

இப்போ நாம என்ன பண்றோம்? வெளிச்சம் பத்தலைன்னு 100 வாட் பல்பு மாட்டுறோம். 60 வாட் பல்பு ரெண்டு எரிந்தால் 10 ஆம்பியர். 100 வாட் என்றால் கிட்டத்தட்ட 17. வயசான ஒயரும் டேஷ்போர்டு ஸ்விட்ச்சும் அதைத் தாங்குமா? ஒயர் சூடாகும், இன்சுலேஷன் இளகும், செம்பு பாடியைத் தொடும். தடுக்க ஃப்யூஸும் இல்லை. மீதியை நாங்க சொல்லணுமா?

பல்பு நிரபராதி

உண்மையில் பல்பு மேல் தப்பே இல்லை. பேட்டரியிலிருந்து கிளம்பும் வோல்டேஜ் வழியிலேயே காணாமல் போகிறது. 12 வோல்ட்டுக்குப் பதில் பத்தரை வோல்ட் வந்து சேர்ந்தால், வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு காலி!

திருடனைப் பிடிக்க ஒரு மல்ட்டிமீட்டர் போதும். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு, மீட்டரின் ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவிலும், இன்னொன்றை பல்பின் லைவ் டெர்மினலிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், அந்த வழியில்தான் கோளாறு. பல்பின் எர்த்துக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவிலும் இதே டெஸ்ட். பாதி கேஸ் இங்கேயே முடிந்துவிடும். துருப்பிடித்த எர்த் போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி மாட்டினால் போதும். செலவு? ஒரு டீ காசு!

ரிலே ரேஸ்

அடுத்தது ரிலே. ஹை பீமுக்கு ஒன்று, லோ பீமுக்கு ஒன்று. பேட்டரியிலிருந்து தடிமனான புது ஒயர், பேட்டரி பக்கத்திலேயே 15 ஆம்பியர் ஃப்யூஸ், அங்கிருந்து ரிலேயின் 30-ம் நம்பர் கால். 87-லிருந்து பல்புக்கு. பழைய ஹெட்லைட் ஒயர் 86-க்கு. 85 எர்த்துக்கு. இனி பழைய ஸ்விட்ச் ரிலேவை மட்டும் எழுப்பினால் போதும். பாரம் சுமக்கும் வேலை புது ஒயருக்கு! அதே 60 வாட் பல்பு 'பளிச்' என்று எரியும். 'எல்.இ.டி பல்பு மாட்டிடலாமே' என்பவர்களுக்கு... ஹாலோஜனுக்கான ரிஃப்ளெக்டரில் அது வெளிச்சத்தைச் சிதறடிக்கும். எதிரே வருகிற பைக்காரருக்குக் கண் கூசும், வேண்டாமே!

டைனமோவா, ஆல்டர்நேட்டரா?

டைனமோவின் பெரிய குறை, சிக்னலில் நிற்கும்போது கிட்டத்தட்ட ஒன்றுமே தராது. ஆல்டர்நேட்டர் ஐடிலிங்கிலும் சார்ஜ் செய்யும். மாற்றுவது நல்லதுதான். ஆனால் ஒரு எச்சரிக்கை... அந்தக் கால பிரிட்டிஷ் டிசைன் கார்களில் பேட்டரியின் பாசிட்டிவ் பாடியோடு இணைந்திருப்பது உண்டு. அதைக் கவனிக்காமல் நெகட்டிவ் எர்த் ஆல்டர்நேட்டரை மாட்டினால் டயோடுகள் 'டப்'! ஓடும் இன்ஜினில் பேட்டரி டெர்மினலில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்டினால் சார்ஜிங் ஓகே.

இதெல்லாம் மறக்காதீங்க!

* வேலை ஆரம்பிக்கும் முன் பேட்டரியின் எர்த் பக்க டெர்மினலை முதலில் கழற்றுங்கள். ஸ்பேனர் பாடியில் பட்டாலும் பொறி பறக்காது.

* நிறுத்திய காரில் அரை ஆம்பியர் கசிந்தாலும், 60 ஆம்பியர்-அவர் பேட்டரி ஐந்தே நாளில் படுத்துவிடும்.

* ஃப்யூஸ் அடிக்கடி போகிறதா? காரணத்தைத் தேடுங்கள். சிகரெட் பேப்பர் ஃபாயிலைச் சுற்றுகிற 'டெக்னாலஜி'க்கு இன்றோடு குட்பை!

* கழற்றும் முன் ஒவ்வொரு ஒயரையும் செல்போனில் படம் எடுத்து, டேப் ஒட்டி நம்பர் எழுதுங்கள்.

* சென்னைவாசிகளுக்கு இருக்கவே இருக்கிறது புதுப்பேட்டை! பழைய பாகங்களை அங்கே தேடலாம். ஒயர், ஃப்யூஸ், ரிலே மட்டும் புதுசாகவே இருக்கட்டும். முதல் தடவை என்றால், அனுபவசாலி ஆட்டோ எலெக்ட்ரீஷியன் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெயின்ட்டைப் பார்த்து ஊரே 'வாவ்' சொல்லும். ஒயரை யாரும் பார்க்கப் போவதில்லை. ஆனால் ராத்திரி 11 மணிக்கு ஈ.சி.ஆரில் நாலு ஃப்ரெண்ட்ஸை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, பத்திரமாக வீடு கொண்டு சேர்க்கிறது எது? பெயின்ட் இல்லை பாஸ்!