இரைப்பையின் வாயிற்காவலன்

நாம் உண்ணும் உணவு இரைப்பையிலே கூழாகிப் பின்னர்ச் சிறுகுடலுக்குச் செல்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே குறுகிய வாயில் ஒன்று உண்டு. அதனைப் 'பைலோரஸ்' என்பர். கிரேக்க மொழியில் வாயிற்காவலன் என்பது அதன் பொருள். அந்தக் காவலன் வழிவிட மறுத்தால் என்ன நேரும்? வயிற்றைக் கிழிக்காமலே அவ்வழியைத் திறப்பது எவ்வாறு? மாணவ நண்பர்களுக்கு இதைச் சிறிது விளக்க விரும்புகிறேன்.

வாயில் அடைபட்டவருக்குச் சிறிது உண்டதுமே வயிறு நிறைந்துவிடும். காலையில் உண்ட சோறு மாலையில் செரிக்காமலே வாந்தியாக வெளிவரும். பெரும்பாலும் அதில் பித்தநீர் இராது. பித்தநீர் குடலில் வந்து சேரும் இடம் அடைப்புக்கு அப்பால் இருப்பதே காரணம். நீரும் அமிலமும் உப்புக்களும் வெளியேறுவதால் உடல் வாடி மெலியும். குடற்புண் ஆறித் தழும்பாகிச் சுருங்குவதாலும், இரைப்பையிலோ கணையத்திலோ புற்றுநோய் வளர்வதாலும், அமிலத்தைக் குடித்துவிட்டதனாலும் இவ்வடைப்பு உண்டாகும்.

1881 ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், வியன்னா நகரில் தியோடர் பில்ராத் என்னும் அறுவை மருத்துவர், புற்றுநோயால் அடைபட்ட இவ்வாயிலை வெட்டியெடுத்து, இரைப்பையைக் குடலோடு இணைத்துத் தைத்தார். அப்பெண்மணி பிழைத்தெழுந்து உணவு உண்டார். ஆயினும் நோய் மீண்டும் தலைதூக்கியதால் சில திங்களில் இறந்தார். அதே ஆண்டில் அவருடைய உதவியாளர் அன்டன் வொல்ஃப்ளர், அடைப்பை அகற்றாது விட்டு, இரைப்பைக்கும் சிறுகுடலுக்கும் இடையே வேறொரு பாதை அமைத்தார். இரண்டுக்கும் வயிற்றைத் திறக்கவேண்டியிருந்தது.

1957 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பேசில் ஹிர்ஷோவிட்ஸ் என்பவர், மெல்லிய கண்ணாடி இழைகள் பல்லாயிரம் சேர்ந்த வளையும் குழாயைத் தம் தொண்டையிலேயே முதலில் செலுத்திப் பார்த்தார். ஒளி இழைகளின் வழியே வளைந்து சென்றது. இரைப்பையின் உட்புறம் கண்ணுக்குத் தெரிந்தது. அக்குழாயின் வழிவந்ததே இன்றைய எண்டோஸ்கோப். பார்க்கப் பயன்பட்ட கருவி, நாளடைவில் சிகிச்சை செய்யும் கருவியாகவும் ஆயிற்று.

தழும்பால் சுருங்கிய வாயிலுக்குள் சுருட்டிய பலூன் ஒன்றைச் செலுத்தி, நீர் நிரப்பி மெல்ல விரிக்கிறார்கள். பல தவணைகளில், ஏறக்குறைய 15 மில்லிமீட்டர் அகலம்வரை விரிப்பதுண்டு. அவசரப்பட்டால் குடற்சுவர் கிழியக்கூடும். விரிப்பது மட்டும் போதாது. புண்ணுக்குக் காரணமான 'ஹெலிகோபாக்டர் பைலோரி' என்னும் கிருமியையும் மருந்தால் ஒழிக்கவேண்டும். இல்லையேல் வாயில் மறுபடியும் சுருங்கும்.

புற்றுநோய் அடைப்பில் பலூன் நிலைத்த பயன் தராது. ஆங்கே 'ஸ்டென்ட்' என்னும் உலோக வலைக்குழாயைச் சுருக்கி உட்செலுத்துவர். அது தானே விரிந்து வழியைத் தாங்கி நிற்கும். நோயாளி ஓரிரு நாளிலேயே கஞ்சி பருகலாம். ஆனால், திங்கள் பல சென்றால் வலைக்கண்களின் ஊடே கட்டி வளர்ந்து மீண்டும் அடைப்பதுண்டு. அண்மைக் காலத்தில், நுனியில் ஒலியலைக் கருவி பொருத்திய எண்டோஸ்கோப்பால், இரைப்பைச் சுவருக்கு அப்பாலுள்ள குடலைக் கண்டு, இரண்டையும் உள்ளிருந்தே ஒரு ஸ்டென்டால் இணைக்கிறார்கள். வொல்ஃப்ளர் கத்தியால் அமைத்த பாதை இப்போது கத்தியின்றி அமைகிறது.

அப்படியானால் அறுவை சிகிச்சைக்கு இனி வேலையில்லையா? அவ்வாறு எண்ணுவது பிழை. அறுத்து அகற்றக்கூடிய புற்றுநோய்க்கு அறுவையே தகுந்த வழி. நோய் முற்றி, வாழ்நாள் சில வாரங்களே என்றிருப்பவருக்கு, மருத்துவமனையில் நெடுநாள் கிடக்காமல் வீட்டாருடன் அமர்ந்து சிறிது உண்பதே பெரும்பேறு. அவருக்கு ஸ்டென்ட் உதவும். உடல் வலிமையும் நீண்ட நாட்களும் எஞ்சியிருப்பவருக்குப் புதுப்பாதையே நிலைத்த பயன் தரலாம். ஆகவே, எந்தச் சிகிச்சை புதியது என்பதைவிட, எந்த நோயாளிக்கு எது தகும் என்று ஆராய்வதையே நான் மருத்துவத்தின் மேன்மையாகக் கருதுகிறேன். உண்டதெல்லாம் வாந்தியாகும் ஒருவர், இரண்டு நாளாயினும் பசித்து உண்டு களிக்குமாறு செய்வதும் அம்மேன்மையில் அடங்கும்.