பழைய புல்லட் கிளம்பவில்லையா? முதலில் தீப்பொறியைப் பாருங்கள்

தாராபுரம் வட்டாரத்தில் விடியற்காலையில் பால் கேனைக் கட்டிக்கொண்டு புறப்படும் வண்டிகளில் பழைய புல்லட்டுகளும் உண்டு. 1955-இல் சென்னையில் தொடங்கப்பட்ட என்பீல்டு இந்தியா நிறுவனம் தயாரித்த 350 சி.சி. வண்டிகள் பல குடும்பங்களில் தகப்பனார் காலத்திலிருந்து ஓடுகின்றன. சங்கத்தில் பால் எடுக்கும் நேரத்தில் வண்டி கிளம்பாவிட்டால் ஒரு வேளைப் பால் வீண்.

அண்மையில் ஒரு விவசாயி இந்தக் குறையோடு வந்தார். மூன்று நாளாகக் கார்புரேட்டர் திருகுகளை மாற்றி மாற்றித் திருகியிருந்தார். பார்த்தபோது, பாயிண்டின் இடைவெளி மூடியிருந்தது. அதைச் சரிசெய்த பிறகும் வண்டி சீராக ஓடவில்லை. கார்புரேட்டர் அதற்குள் நிலை தவறிவிட்டது. ஒரு கோளாறு இரண்டாயிற்று.

இலை மஞ்சளானால் தழைச்சத்துக் குறையா, இரும்புச்சத்துக் குறையா என்று கண்ட பின்னரே மருந்து தெளிக்கிறோம். வண்டிக்கும் அதுவே முறை. மின்சாரம் முதலில், பெட்ரோல் அடுத்து, திருகு கடைசியில்.

ஆம்பியர் மீட்டர் சொல்லும் செய்தி

முகப்பு விளக்குக்கு மேலுள்ள ஆம்பியர் மீட்டர் செலவில்லாத சோதனைக் கருவி. விளக்குகளை அணைத்துச் சாவியைப் போடவும். டீகம்ப்ரசர் பிடியை இழுத்துக்கொண்டு கிக்கரை இரண்டு மூன்று முறை மெல்ல அழுத்தவும். முள் கழித்தல் பக்கம் போய், மறுபடி நடுவுக்கு வர வேண்டும். பாயிண்டு மூடும்போது முள் போகிறது, திறக்கும்போது திரும்புகிறது.

முள் நடுவிலேயே நின்றால் பாட்டரி, பியூஸ், வயர் ஆகியவற்றைப் பார்க்கவும். பாயிண்டில் எண்ணெயோ அழுக்கோ படிந்திருந்தாலும் இப்படி நேரும். கழித்தல் பக்கமே நின்றுவிட்டால் பாயிண்டு திறக்கவில்லை, அல்லது கண்டென்சரோ வயரோ உடலோடு ஒட்டிக் கசிகிறது என்று அறியலாம்.

பிளக்கும் பாயிண்டும்

பெட்ரோல் குழாயை மூடிவிட்டுப் பிளக்கைக் கழற்றுங்கள். நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, பொறிதான் இல்லை அல்லது வலுவில்லை. பலமுறை உதைத்தும் உலர்ந்தே இருந்தால் பெட்ரோல் வரவில்லை. பிளக்கை வயரில் மாட்டி, அதன் உலோக உடலை என்ஜினில் ஒட்டிப் பிடித்து உதைக்கவும். நீலப் பொறி பளிச்சென விழ வேண்டும்; மஞ்சளாகவோ சிவப்பாகவோ வந்தால் வலுவில்லை. பிளக் துளைக்கு அருகில் வைத்து இச்சோதனையைச் செய்யக்கூடாது. பீடி, சிகரெட்டு அறவே கூடாது.

பிளக் இடைவெளி 0.45 முதல் 0.50 மி.மீ., பாயிண்டு முழுதும் திறந்த நிலையில் 0.35 முதல் 0.40 மி.மீ. இருக்கலாம். பாயிண்டின் நார்க்கட்டை தேயத் தேய இடைவெளி குறைந்து, பொறி தாமதமாக விழும். என்ஜின் சூடேறி இழுவை குறையும். பாயிண்டில் பெரிய நீலப் பொறி பறந்து முகம் கருகினாலும், சூடேறியதும் நின்று ஆறியபின் கிளம்பினாலும் கண்டென்சரைச் சந்தேகிக்க வேண்டும்.

பெட்ரோல் வழி

சிறிது தூரம் ஓடி நின்று, டாங்க் மூடியைத் திறந்ததும் கிளம்பினால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. பெட்ரோலுடன் கலக்கப்படும் எத்தனால் நாம் விளைவிக்கும் கரும்பு, மக்காச்சோளத்திலிருந்தும் வருகிறது. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2025-இல் நாடெங்கும் பரவலாகிவிட்டது. எத்தனால் நீரை ஈர்க்கும். நெடுநாள் நிற்கும் வண்டியில் நீர் பிரிந்து டாங்கின் அடியில் தங்கும். பழைய ரப்பர் குழாயும் கெடும். எனவே நிறுத்திவைக்குமுன் கார்புரேட்டர் கிண்ணத்தை வடித்துவிடுவது நல்லது.

ஜெட்டைக் கம்பியால் குத்தக்கூடாது, துளை பெரிதாகும். பெட்ரோலில் கழுவிக் காற்றடிக்கவும். திருப்பூர் பனியன் வேஸ்ட் கை துடைக்க ஏற்றது. ஜெட் துடைக்க ஏற்றதன்று. அதன் ஒரு நூலிழை போதும், வழி அடைபட.

காற்றும் தூசியும்

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நம் வட்டாரத்துத் தூசியை வாரி வரும். ஏர் பில்டர் அடைத்தால் கலவையில் பெட்ரோல் மிகுந்து பிளக்கில் உலர்ந்த கரி படியும். பிளக் வெண்மையாக இருந்தால் பெட்ரோல் குறைவு. கார்புரேட்டர் இணைப்பில் காற்றுக் கசிகிறதா என்றும் பார்க்க வேண்டும். இளம் பழுப்பே சரியான நிறம்.

இத்தனையும் சரியாக இருந்தும் என்ஜின் நின்று நின்று ஓடினால் மட்டும் காற்றுத் திருகைத் தொடலாம். முதலில் அது எத்தனை சுற்றில் இருந்தது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பு இருந்தால் தவறு நேர்ந்தாலும் பழைய நிலைக்கே திரும்பலாம்.

பாயிண்டையும் பில்டரையும் முன்னிரவே பார்த்து வைப்பவருக்கு விடியற்காலையில் பால் கேனுடன் வாசலில் நிற்கும் நிலை வராது.