மாத்திரை மறந்துபோவது யார் குற்றம்?



"ராத்திரி மாத்திரை போட்டியா?"

"ஐயோ, மறந்துட்டேன்!"

"உனக்குப் பொறுப்பே கிடையாது!"

பல வீடுகளில் கேட்கும் பேச்சு இது. ஆனால் மறதி வேறு, பொறுப்பின்மை வேறு.

"அடுப்பை அணைக்கணும், மாட்டுக்குத் தண்ணி காட்டணும், மாத்திரை போடணும்" என்று அப்போதைக்கு மனதில் பிடித்து வைத்திருக்கிறோமே, அதற்குச் செயல்நினைவு என்று பெயர். ஆலன் பேட்லி, கிரஹாம் ஹிட்ச் என்ற மனநூல் அறிஞர்கள் 1974-இல் இதை விளக்கி எழுதினார்கள். இது நம் உள்ளங்கை போன்றது. ஒரு கையில் எத்தனை எலுமிச்சம்பழம் பிடிக்க முடியும்? அதுபோல இதிலும் ஒரே நேரத்தில் ஏறக்குறைய நாலு விஷயங்கள்தான் நிற்கும்.

சிலருக்குக் கவலைப்படும் சுபாவம். 'கடனை எப்படி அடைப்பது? பிள்ளைக்குக் காய்ச்சல் திரும்புமோ?' என்ற நினைப்பே கையை நிறைத்துவிடும், மாத்திரை நழுவிவிடும். கவலை மிகுந்தவர்களுக்குச் செயல்நினைவு சற்றுக் குறைவதை ஆராய்ச்சிகளும் காட்டுகின்றன.

ஒழுங்கான சுபாவம் உள்ளவருக்கு உள்ளங்கை பெரியது என்று எண்ணாதீர்கள். அவர் ஞாபகத்தைவிடப் பழக்கத்தை நம்புகிறார். பழக்கத்தை யாரும் ஏற்படுத்திக்கொள்ளலாம். திட்டினாலோ, கவலைதான் கூடும்.

எனவே:

1. மாலா-என் அட்டையைத் தினமும் கண்ணில் படும் இடத்தில், பிள்ளைகளுக்கு எட்டாதபடி வையுங்கள்.

2. இரவுச் சாப்பாடு முடிந்த கையோடு போடுங்கள். நேரத்தை மாற்றாதீர்கள்.

3. கணவரே, தண்ணீரும் மாத்திரையும் நீங்களே எடுத்துக் கொடுங்களேன்! இது இருவர் குடும்பம்தானே?

ஒரு நாள் வெள்ளை மாத்திரை மறந்துவிட்டால் பயம் வேண்டாம். ஞாபகம் வந்ததும் அதைப் போட்டுவிட்டு, அன்றைய மாத்திரையை வழக்கமான நேரத்தில் போடுங்கள். இரண்டு நாளோ அதற்கு மேலோ விட்டுப்போனால், ஞாபகம் வந்ததும் ஒன்றைப் போட்டு, தொடர்ந்து 7 நாள் நிரோத்தும் உபயோகியுங்கள். சுகாதார செவிலியரிடமும் கேளுங்கள்.

தினமும் நினைவு வைப்பது தோதுப்படவில்லையா? 3 மாதத்துக்கு ஒரு முறை போடும் அந்தரா ஊசி இருக்கிறது. 10 ஆண்டு வரை பலன் தரும் காப்பர்-டி இருக்கிறது. இருவரும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒன்றாக வாருங்கள். எது பொருந்தும் என்று பேசி முடிவு செய்யலாம்.