பங்கு போடுறதுக்கு முன்னாடி கழிக்கணும்

இன்னைக்கு ஃபராயிள் பத்திப் பேசலாம். அதாவது, ஒரு முஸ்லிம் மவ்த்தான பிறகு அவர் விட்டுட்டுப் போன சொத்து யாருக்கு எவ்வளவு போகும்ங்கிற கணக்கு.

"ஆம்பளைக்கு ரெண்டு, பொம்பளைக்கு ஒண்ணு, அவ்வளவுதானே?" நிறைய பேர் இப்படித்தான் கேக்குறாங்க. இல்லைங்க. மகனும் மகளும் சேர்ந்து வாரிசா வரும்போது, அவங்களுக்குள்ள இருக்கிற விகிதம் அது. மகன் இருக்கிற ஒருத்தர் இறந்தா, அவரோட அத்தாவுக்கும் அம்மாவுக்கும் ஆளுக்கு 1/6, ரெண்டும் சமம்தான். அதனால அந்த ஒரு வரியை வச்சு முழு சொத்தையும் பிரிச்சா கணக்கு தப்பாயிடும்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். ஒருத்தர் இறந்துட்டார். மனைவி, அம்மா, ரெண்டு மகன், ஒரு மகள் இருக்காங்க. வீடு, பேங்க் பணம் எல்லாம் சேர்த்து 1 கோடியே 35 லட்சம். உடனே இதை அஞ்சு பேருக்குப் பிரிக்க உட்காரக் கூடாது. முதல்ல கழிக்கணும். அடக்கச் செலவு 50 ஆயிரம், வீட்டுக் கடன் பாக்கி 12 லட்சம், அப்புறம் மனைவிக்குக் குடுக்காம விட்ட மஹர் இரண்டரை லட்சம்.

அந்த மஹரை மறந்துடாதீங்க. பல வீட்டுல அதைப் பத்திப் பேச்சே வராது. பாக்கி மஹர் மனைவிக்குச் சேர வேண்டிய கடன். அதை வாங்கிக்கிட்டாங்கன்னு அவங்க வாரிசுப் பங்கு குறையாது. அது தனி, இது தனி.

கடனுக்கு அப்புறம் வஸிய்யத். மிச்சம் இருக்கிறதுல 1/3 வரைக்கும்தான் எழுத முடியும். அதுவும் வாரிசுக்கு எழுதினா மத்த வாரிசுங்க சம்மதிக்கணும். ஒரு மகன் வாப்பாவுக்கு முன்னாடியே இறந்துட்டா, வேற மகன் இருக்கிற வரைக்கும் அந்தப் பேரப்பிள்ளைங்களுக்குப் பங்கு வராது. வஸிய்யத் நிஜமா தேவைப்படுற இடம் அதுதான். அதையும் உயிரோட இருக்கும்போதே எழுதி வைக்கணும்.

நம்ம உதாரணத்துல வஸிய்யத் இல்லை. மிச்சம் 1 கோடியே 20 லட்சம். மனைவிக்கு 1/8, 15 லட்சம். அம்மாவுக்கு 1/6, 20 லட்சம். மீதி 85 லட்சத்துலதான் அந்த 'ரெண்டுக்கு ஒண்ணு' வருது. மகன்களுக்கு ஆளுக்கு 34, மகளுக்கு 17.

சரி, பின்னங்களைக் கூட்டினா 1-ஐத் தாண்டிப் போச்சுன்னா? கோட் எழுதுறவங்களுக்கு முதல்ல இந்தச் சந்தேகம்தான் வரும். ஒருத்தருக்கு மனைவி, ரெண்டு மகள், அத்தா, அம்மா, மகனே இல்லை. 1/8, 2/3, 1/6, 1/6. சொத்தை 24 பங்கா வச்சா 3, 16, 4, 4. கூட்டினா 27! இருக்கிறதே 24. இதுக்குத் தீர்வு 'அவ்ல்'. சொத்தை 24-க்குப் பதிலா 27 பங்கா வெட்டிடுறது. எல்லாருக்கும் ஒரே விகிதத்துல குறையும், மனைவியோட 1/8 இப்போ 1/9. மிம்பர்ல நின்னுக்கிட்டு இருந்த அலீ அவங்ககிட்ட இந்தக் கேள்வி வந்தது, அங்கேயே பதில் சொன்னாங்கன்னு ஒரு செய்தி உண்டு. அதனால இதுக்கு 'மிம்பரிய்யா'ன்னே பேர். இப்னு அப்பாஸ் அவ்லை ஏத்துக்கலை, ஷியா சட்டமும் ஏத்துக்கிறதில்லை. நம்ம ஊர் ஹனஃபி, ஷாஃபி ரெண்டும் ஏத்துக்குது. அல்ஜீப்ராவுக்குப் பேர் குடுத்த அல்-குவாரிஸ்மியோட புத்தகத்துல பெரிய பகுதி வஸிய்யத், வாரிசுக் கணக்குதான். எனக்கு இதைக் காலேஜ்ல யாரும் சொல்லலை!

ஆக, கணக்கு ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே முடிஞ்சிடுச்சு. சிக்கல் பத்திரத்துலதான். தாசில்தார் குடுக்கிற வாரிசு சான்றிதழ்ல பேர் இருக்கும், பங்கு இருக்காது. பேங்க் டெபாசிட்டுக்கு நாமினியா இருக்கிறவர் பணத்தை வாங்கிக் குடுக்கிறவர், சொந்தக்காரர் இல்லை. நாப்பதாம் நாள் முடிஞ்சதும் "ராத்தா, சும்மா ஒரு கையெழுத்து"ன்னு விடுதலைப் பத்திரம் வரும். மனசார விட்டுக்கொடுக்கிறதுல தப்பே இல்லை. ஆனா நம்ம உதாரணத்துல அந்த ராத்தா 17 லட்சத்தை விடுறாங்க. அந்த நம்பர் அவங்களுக்குத் தெரியுமா? வீட்டு மதிப்பு, கடன், மஹர், ஒவ்வொருத்தர் பங்கு, எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல எழுதி ஒரு ஆலிம்கிட்டயும் வக்கீல்கிட்டயும் காட்டிட்டு, அந்தப் பேப்பரை ராத்தா கையிலயும் உம்மா கையிலயும் முதல்ல குடுங்க. பத்திரம் அதுக்கப்புறம் எழுதலாம்.